ஒரு பாகம் கீழே

ஜிவானியிலிருந்து தெற்கே பதினெட்டு மணி நேரம்.
அதற்கப்பால் கரை என்பது
வானொலியில் வரும் இரைச்சல் மட்டும்.

ஏழு கிலோமீட்டர் நைலான்.
கடைசி மிதவை நீரைத் தொடும்போது
முதல் மிதவை இருட்டுக்குள் போயிருக்கும்.

கணக்கு எழுதுவது என் வேலை.
சூரை இத்தனை, மயில்மீன் இத்தனை, சுறா இத்தனை.
கடைசிக் கட்டத்துக்குத் தலைப்பு கிடையாது.
அதில் வெறும் கோடு போடுவேன்.
ஒரு கோடு, ஓர் ஓங்கில்.

வேண்டி யாரும் பிடித்ததில்லை.
விலை போகாது. தின்பதும் இல்லை.
அறுத்து எடுப்பதற்குள் வெயில் ஏறிவிடும்,
வலையும் கிழியும்.
வாலைப் பிடித்துக் கடலில் தள்ளுகையில்
சப்ஸல் முகத்தைத் திருப்பிக்கொள்வான்
பக்கத்து வீட்டுச் சண்டை காதில் விழுந்தவன்போல.

சூரைக்குத் தண்ணீரிலேயே மூச்சு.
இதற்கு அப்படி இல்லை.
எங்களைப் போல இதுவும்
மேலே வந்தாக வேண்டும்.
எங்கள் வலையோ
மேலேயே தொடங்கியது.

கராச்சியிலிருந்து வந்த நாஸ்னீன்
துறைமுகத்தில் ஐஸ் பெட்டிமேல் ஏறி நின்று
இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.
மிதவைக்கும் வலைக்கும் நடுவே
இவ்வளவு கயிறு.
வலை இவ்வளவு இறங்கட்டும்,
அதற்குமேல் அவை போகட்டும்.

ஒரு பாகம்.
எங்கள் அப்பன்மார் ஆழம் அளந்ததும்
அதே கைவிரிப்பில்தான்.
ஆனாலும் எல்லோரும் சிரித்தோம்.

நாகுதா வாலிதாத் சிரிக்கவில்லை.
"மேல்தண்ணி மீனை யார் பிடிப்பது?
டீசல் கடைக்காரனிடம் போய்
ஓங்கில் பிழைத்தது என்று சொல்லவா?"
பிறகு, படகில் கால் வைக்கும்போது,
யாரையும் பார்க்காமல் சொன்னார்:
"பாதி வலையில் கட்டுங்கள்."

அறுநூறு துண்டுக் கயிறு.
தில்முராத் ஒவ்வொரு முடிச்சுக்கும்
மனைவி வீட்டார் ஒருவரைத் திட்டினான்.
நானூறில் உறவு தீர்ந்துபோய்
மறுபடி மாமனாரிடமிருந்து ஆரம்பித்தான்.

விடிந்ததும் இழுத்தோம்.
பழைய பாதியில் மூன்று.
ஒன்றின் நெற்றியில் நூல் பதிந்த தடம்
கோடு போட்ட தாள் மாதிரி இருந்தது.

புதிய பாதியில் சூரை வந்தது.
வந்துகொண்டே இருந்தது.
மயில்மீன் இரண்டுதான்.
பழைய பாதியில் ஐந்து.
அதை நாகுதா பார்த்தார்,
அவர் பார்த்ததை நாங்களும் பார்த்தோம்.

பொய் எழுதத் தெரியாது எனக்கு:
அங்கும் ஒன்று இருந்தது.
கயிறு சுருண்டு
வலை மேலேறிய இடத்தில்,
மூக்கு மிதவையைத் தொட்டபடி.
மேல்மட்டத்துக்கு ஒரு விரற்கடை.

கோடு போட்டேன். மூன்று, ஒன்று.
நோட்டை நாகுதாவிடம் நீட்டினேன்.
அவருக்கு எழுத்து தெரியாது,
கோடு தெரியும்.
தேநீர் ஆறும்வரை
அந்தப் பக்கத்தையே பிடித்திருந்தார்.

சாயங்காலம் கேட்டார்:
"கயிறு எவ்வளவு மிச்சம்?"
மிச்சம் இல்லை.
மீதிப் பாதிக்கு
நங்கூரத்தின் உதிரிக் கயிற்றைப் பிரித்தோம்,
தார்ப்பாயின் ஓரத்தை அவிழ்த்தோம்.
அப்போதும் போதவில்லை.
அவர் எழுந்து போய்
தன் சட்டை காய்ந்த கொடியை அறுத்துக்கொண்டு வந்தார்.
ஈரச் சட்டையை அப்படியே போட்டுக்கொண்டார்.

இப்போது நடுராத்திரி.
மிதவை வரிசைப் பக்கம்
புஸ்ஸென்று ஒரு மூச்சு.
இன்னொன்று.
சின்னதாக, அவசரமாக, அதன் பின்னால் ஒன்று.
கடக்கிறதா, சிக்குகிறதா,
சத்தத்தை வைத்துச் சொல்ல முடியாது.
பன்னிரண்டு வரை எண்ணினேன்.
அதற்குப் பிறகு
எஞ்சின்காரன் குறட்டையோடு கலந்துவிட்டது.

பென்சிலைச் சீவி
காதில் செருகியிருக்கிறேன்.
கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது.
கிழக்கே இன்னும் கறுப்புதான்.